புதன்கிழமை பாப்பாவைத் தூக்கிக்கொண்டு போங்கள்

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். நாங்கள் திருப்பூர் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். என் மகளுக்குப் பதினான்கு மாதம். பிறந்த அன்று போட்டது, ஒன்றரை மாதம், இரண்டரை மாதம், மூன்றரை மாதம் எல்லாம் சரியாகப் போட்டுவிட்டோம். ஒன்பதாம் மாத ஊசியின்போது சளி, காய்ச்சல். அப்புறம் போடலாம் என்று விட்டது அப்படியே நின்றுவிட்டது. இடையில் வீடும் மாறினோம். இப்போது போகக் கூச்சமாக இருக்கிறது, நர்ஸ் திட்டுவார்களோ என்று. என் அத்தை (மாமியார்), "மணல்வாரி எல்லாக் குழந்தைக்கும் வரும், ஆத்தா வந்து இறங்கிப் போவாள், உன் வீட்டுக்காரனுக்கும் வந்து போனதுதான், ஊசி போட்டு எதுக்கு அவளைத் தடுக்கணும்" என்கிறார். அந்த ஊசி போட்டுக் குழந்தைகள் இறந்ததாக முன்பு செய்தி வந்ததையும் சொல்கிறார். வீட்டில் என் நாத்தனார் ஐந்து மாதக் கர்ப்பம். பாப்பாவுக்கு ஊசி போட்டால் அவருக்கு ஏதாவது ஆகுமா? எல்லா ஊசியையும் முதலிலிருந்து போட வேண்டுமா? தனியார் டாக்டர் ஃப்ளூ ஊசியும் போடச் சொல்கிறார். இரண்டு டோஸுக்கு மூவாயிரத்துக்கு மேல் ஆகுமாம். அவசியமா?

அன்புள்ள சகோதரிக்கு,

முதலிலிருந்து போட வேண்டாம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தாய்மார்கள் திரும்ப வராமல் போவதற்கு இந்தப் பயமும் ஒரு காரணம். போட்ட டோஸ் போட்டதுதான். உடம்பு அதை மறப்பதில்லை. எங்கே விட்டீர்களோ அங்கிருந்து தொடர்ந்தால் போதும். ஒன்பதாம் மாதத்தில் போட வேண்டிய தட்டம்மை-ரூபெல்லா ஊசி (அத்தை மணல்வாரி என்று சொல்வதுதான் தட்டம்மை) தவறியிருந்தால் ஐந்து வயது வரை அரசு மையத்தில் போடுவார்கள். அதற்காக ஐந்து வயது வரை காத்திருக்கலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தாயிடமிருந்து கருவிலேயே கிடைத்த எதிர்ப்புச் சக்தி ஒன்பது மாதத்துக்குள் பெரும்பாலும் கரைந்துவிடும். அதனால்தான் அந்த வயதை வைத்திருக்கிறார்கள். இந்த ஐந்து மாதமாக உங்கள் பாப்பா தட்டம்மைக்கு எந்தத் தடுப்பும் இல்லாமல் இருக்கிறாள்.

அன்றைக்குச் சளி, காய்ச்சல் என்று தள்ளிப்போட்டது பற்றி. உடம்பு அனலாகக் கொதித்து, குழந்தை துவண்டு கிடந்தால் தள்ளிப்போடுவது சரி. லேசான சளி, மூக்கு ஒழுகல், லேசான வயிற்றுப்போக்கு, ஆன்டிபயாடிக் குடித்துக்கொண்டிருப்பது இவை எதுவும் ஊசிக்குத் தடை இல்லை. நம் ஊர்க் குழந்தைக்கு மூக்கு ஒழுகாத நாள் எது? அதற்காகக் காத்திருந்தால் போடவே முடியாது. முட்டை ஒவ்வாமையும் இந்த ஊசிக்குத் தடை இல்லை. முந்தைய டோஸுக்குக் கடுமையான ஒவ்வாமை வந்த குழந்தை, எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்த நோய் உள்ள குழந்தை, அதிக அளவில் ஸ்டீராய்டு எடுக்கும் குழந்தை, இவர்களுக்குத்தான் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது. பாப்பா சமீபத்தில் ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தாலும் சொல்லுங்கள். அப்போது சில மாதம் இடைவெளி விட வேண்டியிருக்கும்.

சரி, இப்போது அத்தை சொன்னதற்கு வருகிறேன். அவர் சொன்னதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நீங்களும் வீட்டில் அதைத் தட்டிப் பேசாதீர்கள்.

அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை கட்டுவார்கள். வெளி ஆளை உள்ளே விட மாட்டார்கள். குழந்தையைத் தனியே படுக்க வைத்து, வெள்ளைத் துணி விரித்து, சத்தம் போடாமல் பார்த்துக்கொள்வார்கள். மருந்தே இல்லாத காலத்தில் நம் பெண்கள் கண்டுபிடித்த தனிமைப்படுத்தல் அது. இன்றைக்கும் ஒரு டாக்டர் அதைத்தான் சொல்வார். ஆனால் ஆத்தாவைப் பற்றி அத்தையிடம் ஒன்று கேளுங்கள். பெரியம்மை இப்போது எங்கே? அத்தைக்கு அறுபதுக்கு மேல் வயதிருந்தால், முகமெல்லாம் தழும்போடு இருந்த யாராவது ஒரு பெரியவரை நிச்சயம் பார்த்திருப்பார். கிண்டியில் கிங் இன்ஸ்டிடியூட்டை 1899இல் தொடங்கியதே அந்த அம்மைக்கான மருந்தைத் தயாரிக்கத்தான். இந்தியாவில் கடைசியாகப் பெரியம்மை கண்டது 1975இல். ஊசிதான் அதை ஊரைவிட்டு அனுப்பியது. அதற்குப் பிறகும் ஆடியில் கூழ் ஊற்றுவது நிற்கவில்லையே? தீச்சட்டி நிற்கவில்லை, முளைப்பாரி நிற்கவில்லை. பெரியம்மையைத் தடுத்ததற்காக ஆத்தா யார் வீட்டையும் விட்டுப் போகவில்லை. மணல்வாரியைத் தடுத்தாலும் போக மாட்டாள்.

உங்கள் வீட்டுக்காரருக்கு வந்து தானாகப் போனது உண்மையாகவே இருக்கும். பெரும்பாலான குழந்தைகளுக்குத் தானாகத்தான் போகும். ஆனால் யாருக்குப் போகும், யாருக்குப் போகாது என்று முன்கூட்டிச் சொல்ல என்னால் முடியாது. இத்தனை வருடம் குழந்தைகளைப் பார்த்த பிறகும் முடியாது. இந்த ஊசி வருவதற்கு முன்னால் உலகத்தில் ஆண்டுக்குச் சுமார் 26 லட்சம் பேர் தட்டம்மையால் இறந்துகொண்டிருந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. ஊசி இருந்தும் 2023இல் ஒரு லட்சத்துக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலும் ஐந்து வயதுக்குள்ளான பிள்ளைகள், ஊசி போடாதவர்கள் அல்லது ஒரு டோஸோடு நின்றவர்கள்.

நான் பயிற்சி டாக்டராக இருந்த நாட்களில் தட்டம்மைக் குழந்தைகள் வார்டுக்கு எப்போது வருவார்கள் தெரியுமா? தண்ணீர் ஊற்றிய பிறகு. தடிப்பு அடங்கி, ஆத்தா இறங்கிவிட்டாள் என்று வீடே நிம்மதி அடைந்த பிறகு, எட்டாம் நாள், பத்தாம் நாள், விலா உள்ளே இழுக்க மூச்சு வாங்கிக்கொண்டு வருவார்கள். ஒரு பாட்டி பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அவர் இடுப்பில் வேப்பங்கொத்து செருகியிருந்தது. "எல்லாம் எறங்கிருச்சு சாமி, இந்த மூச்சு மட்டும் நிக்க மாட்டேங்குது" என்றார். அந்தப் பையனை எங்களால் காப்பாற்ற முடியவில்லை. அந்தப் பாட்டி எந்தத் தவறும் செய்யவில்லை. அவருக்குத் தெரிந்த எல்லாவற்றையும் அன்போடு செய்திருந்தார்.

தட்டம்மை தோலில் தெரிகிறது, ஆனால் அது தோல் நோய் இல்லை. நுரையீரலுக்குப் போகும். இருபது குழந்தைகளில் ஒருவருக்கு நிமோனியா வரும். ஆயிரத்தில் ஒருவருக்கு மூளை வீங்கும். மிக அரிதாக, நோய் வந்து போய் ஏழு பத்து ஆண்டுகள் கழித்து, பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும் பிள்ளைக்கு நினைவு மங்கி, கைகால் வெட்டி இழுத்து, மெல்ல மெல்லப் படுக்கையில் கொண்டுபோய்த் தள்ளும் ஒரு மூளை நோயாக அது திரும்பி வரும். அதற்கு மருத்துவம் இல்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். நெதர்லாந்தில், ஊசி போடாத 77 பிள்ளைகளின் ரத்தத்தைத் தட்டம்மை வருவதற்கு முன்பும் வந்த பின்பும் எடுத்துச் சோதித்து, 2019இல் முடிவை வெளியிட்டார்கள். மற்ற கிருமிகளுக்கு எதிராக அவர்கள் உடம்பு அதுவரை சேர்த்து வைத்திருந்த எதிர்ப்புப் பொருளில் 11 முதல் 73 சதவீதம் வரை அழிந்துபோயிருந்தது. அம்மை இறங்கிய பிறகு பல மாதம் பிள்ளை மாற்றி மாற்றி நோயில் விழுகிறதே, "அம்மை வந்ததிலிருந்து இவன் தேறவே இல்லை" என்று பாட்டிகள் சொல்வார்களே, அதற்குக் காரணம் இதுதான். பாட்டிகள் பார்த்தது சரி.

பரவுவதிலும் இதற்கு இணை கிடையாது. தட்டம்மை உள்ள பிள்ளை இருமிவிட்டு அறையை விட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை கிருமி காற்றில் நிற்கும். தடிப்பு தெரிவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே பரவ ஆரம்பிக்கும். அதாவது யாருக்கும் தெரியாத நான்கு நாள். வேப்பிலை கட்டுவதற்குள் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். உங்கள் பகுதியில் வெளியூரிலிருந்து வேலைக்கு வந்த குடும்பங்கள் நிறைய. ஊர் மாறும்போது அந்தப் பிள்ளைகளுக்கும் ஊசி விட்டுப்போகும், உங்களுக்கு விட்டுப்போனதைப் போலவே. அவர்கள் குடியிருக்கும் காம்பவுண்டில் யாராவது தாய் உங்களைப் போலத் தயங்கிக்கொண்டிருந்தால், போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

அத்தை சொல்கிற மரணச் செய்தியையும் மறைக்க மாட்டேன். 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட அன்றே நான்கு கைக்குழந்தைகள் இறந்தார்கள். அது நடந்தது. தமிழ்நாடே பதறியது. அதன் பிறகு சில காலம் கிராமத்துக்கே போய் ஊசி போடுவதை நிறுத்தி, டாக்டர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மட்டும் போட்டார்கள். அத்தைக்கு அந்தப் பயம் மனதில் தங்கியிருந்தால் அதில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

அதனால் எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்கிறேன். இந்த மருந்து பொடியாக வரும். கூடவே வரும் நீர்மத்தைக் கலந்துதான் போட வேண்டும். கலந்த பிறகு நான்கு மணி நேரம்தான் அதற்கு ஆயுள். அதற்கு மேல் வைத்திருந்தால் கிருமி வளர்ந்து ஆபத்தாகும். வேறு எந்தத் திரவத்தையும் கலக்கக் கூடாது. இந்த ஊசியையொட்டி உலகில் நடந்த பெரிய விபத்துகள் பெரும்பாலும் கலப்பதிலும் வைத்திருப்பதிலும் நடந்த தவறுகள்தான். "எத்தனை மணிக்குக் கலந்தீங்க?" என்று நர்ஸிடம் தாராளமாகக் கேளுங்கள். புட்டியிலேயே நேரம் எழுதியிருப்பார்கள், காட்டுவார்கள். மருந்துப் புட்டியில் ஒரு வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் இருக்கும். உள்ளே இருக்கும் சதுரம் வெளி வட்டத்தைவிட வெளிறி இருந்தால் மருந்து சூடாகிக் கெடவில்லை என்று அர்த்தம். ஊசிக்குழல் ஒருமுறை அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் வகை. மறுமுறை இழுக்கவே முடியாது. போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்காரச் சொல்வார்கள். அவசரமாகக் கிளம்பாதீர்கள். கடுமையான ஒவ்வாமை மிக அரிது, வந்தால் பெரும்பாலும் அந்த அரை மணிக்குள் தெரியும், அதற்கான மருந்து அவர்களிடம் இருக்கும்.

சில இடங்களில் பிள்ளைகள் குறைவாக வந்தால், "ஒரு பிள்ளைக்காகப் புட்டியை உடைச்சா மீதி வீணாகும், அடுத்த வாரம் வாங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். ஒரே ஒரு குழந்தை வந்தாலும் திறந்து போட வேண்டும் என்பதுதான் விதி. அதைப் பணிவாக எடுத்துச் சொல்லுங்கள். அதுவும் நடக்காவிட்டால் அரசின் சுகாதார உதவி எண் 104க்குக் கூப்பிட்டுச் சொல்லலாம்.

நாத்தனார் விஷயத்தில் நீங்கள் கவலைப்படுவது நல்ல மனது. ஆனால் கவலை தலைகீழாக இருக்கிறது. பாப்பாவுக்குப் போடும் தட்டம்மை-ரூபெல்லா ஊசியிலிருந்து கர்ப்பிணிக்கு எதுவும் தொற்றாது. பாப்பாவைத் தூக்கலாம், கொஞ்சலாம், பக்கத்தில் படுக்கலாம். ஊசி போடாத பாப்பா வெளியிலிருந்து ரூபெல்லாவை வீட்டுக்குள் கொண்டுவந்தால்தான் ஆபத்து. கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் அது தாய்க்கு வந்தால், வயிற்றுப் பிள்ளைக்கும் போவதற்கு 90 சதவீத வாய்ப்பு. கண்புரையோடு, காது கேளாமல், இதயக் கோளாறோடு பிறக்கும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். தாய்க்கு இரண்டு நாள் லேசான காய்ச்சலும் தடிப்பும், அவ்வளவுதான் நினைவிருக்கும். நாத்தனார் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார், நல்லது. இருந்தாலும் தட்டம்மை கர்ப்பிணிகளை எந்த மாதத்திலும் பாடாய்ப் படுத்தும். கர்ப்பத்தின்போது இந்த ஊசியை அவர் போட்டுக்கொள்ளக் கூடாது. ஆகவே அவரைச் சுற்றி இருப்பவர்கள் போட்டுக்கொள்வதுதான் அவருக்கு வேலி. அவருக்குப் பிறக்கப்போகும் குழந்தைக்கும் முதல் ஒன்பது மாதம் உங்கள் பாப்பாதான் வேலி. ரண ஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்துப் போடும் டிடி ஊசியை அவர் போட்டுக்கொண்டாரா என்று கேளுங்கள்.

அடுத்தது ஃப்ளூ. இங்கே பணம் சம்பந்தப்பட்டிருப்பதால் வரிசையைத் தெளிவாகச் சொல்கிறேன். அரசு இலவசமாகப் போடுவதை முடிக்காமல் ஃப்ளூவுக்குக் காசு செலவழிக்காதீர்கள். தட்டம்மை ஊசிக்கு ஈடாக அது ஆகாது. இலவசம் என்பதால் மட்டமோ என்ற எண்ணமும் வேண்டாம். அரசு மையத்தில் போடும் மருந்தும் தனியாரிடம் காசு கொடுத்துப் போடும் மருந்தும் பல நேரம் ஒரே தொழிற்சாலையிலிருந்து வருபவை.

அதை முடித்த பிறகு கையில் பணம் இருந்தால், ஃப்ளூ ஊசி நல்லதுதான். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் அதைப் பரிந்துரைக்கிறது. அரசின் இலவசப் பட்டியலில் இல்லாததால்தான் செலவு. முதல் முறை போடும் சின்னப் பிள்ளைக்கு நான்கு வார இடைவெளியில் இரண்டு டோஸ். அடுத்த ஆண்டிலிருந்து ஒன்று போதும், ஆனால் ஆண்டுதோறும் போட வேண்டும். அந்தக் கிருமி சட்டையை மாற்றிக்கொண்டே இருக்கிறது. அதனால் உலக சுகாதார நிறுவனம் பிப்ரவரியிலும் செப்டம்பரிலுமாக ஆண்டுக்கு இரண்டு முறை மருந்தின் கலவையைப் புதுப்பித்துச் சொல்கிறது. எதிர்பார்ப்பை மட்டும் அளவாக வைத்துக்கொள்ளுங்கள். நன்றாகப் பொருந்திய ஆண்டில்கூடப் பாதிக்குப் பாதிதான் தடுக்கும். ஊசிக்குப் பிறகும் பாப்பாவுக்குச் சளி பிடிக்கும், ஏனென்றால் சளி தரும் கிருமிகள் பல. ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்கு முற்றுவதைக் குறைப்பதில்தான் இதன் பலன்.

எப்போது போடுவது என்பதில் இணையத்தில் படிப்பதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். "குளிர்காலத்துக்கு முன்" என்று எழுதியிருப்பது பனி பெய்யும் நாடுகளுக்கு. இந்தியாவின் பல ஊர்களில் ஃப்ளூ ஜூலை முதல் செப்டம்பர் வரை ஏறுகிறது. ஆனால் சென்னை, வேலூரில் கவனித்தபோது அது வடகிழக்குப் பருவமழையோடு சேர்ந்து ஏறியது. நமக்குக் கணக்கு ஐப்பசி மழைதான். ஆவணியில் முதல் டோஸ், புரட்டாசியில் இரண்டாவது. அதன் பின் எதிர்ப்புச் சக்தி ஏற இரண்டு வாரம். மழை பிடிக்கும்போது பாப்பா தயாராக இருப்பாள். உங்கள் கடிதம் ஆடிக் கடைசியில் வந்திருக்கிறது. நேரம் சரியாக இருக்கிறது. வாங்கும்போது காலாவதித் தேதியையும் எந்தப் பருவத்துக்கான மருந்து என்பதையும் பெட்டியில் பாருங்கள்.

ஒரே ஒரு ஆளுக்குத்தான் காசு இருக்கிறது என்றால்? உங்கள் வீட்டில் நான் நாத்தனாருக்கு முதலில் போடச் சொல்வேன். கர்ப்பிணிக்கு ஃப்ளூ முற்றினால் ஆபத்து அதிகம். அவர் போட்டுக்கொண்டால் அந்த எதிர்ப்புச் சக்தி வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். பிறந்த குழந்தைக்கு ஆறு மாதம் வரை இந்த ஊசியே போட முடியாது என்பதால் தாய் கொடுப்பதுதான் அதற்குக் கிடைக்கும் ஒரே பாதுகாப்பு. அவருடைய மகப்பேறு டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போடட்டும். அடுத்து பாப்பா. அத்தைக்குச் சர்க்கரை இருந்தால் அவரும் இந்த வரிசையில் உண்டு.

இனி உங்கள் புதன்கிழமை. நம் ஊரில் பெரும்பாலும் அன்றுதான் தடுப்பூசி நாள். புது ஊரின் அங்கன்வாடியில் கேட்டால் எந்த இடத்தில், எத்தனை மணிக்கு என்று சொல்வார்கள். தாய் சேய் நல அட்டையையும் பிக்மி எண்ணையும் (கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கொடுத்த எண்) எடுத்துக்கொள்ளுங்கள். அட்டை தொலைந்திருந்தாலும் போங்கள், எண்ணை வைத்துப் பார்க்கலாம். அன்று தட்டம்மை-ரூபெல்லா முதல் டோஸும் வைட்டமின் ஏ திரவமும் கிடைக்கும். விடுபட்ட நியுமோகாக்கல் (நிமோனியாவைத் தடுக்கும் ஊசி) பூஸ்டரையும் போலியோ ஊசியின் மூன்றாவது டோஸையும் அட்டையைப் பார்த்துச் சேர்த்துப் போடுவார்கள். ஒரே நாளில் மூன்று குத்தா என்று பதற வேண்டாம். தவழ்ந்து தரையில் கிடப்பதை எல்லாம் வாயில் வைக்கும் பிள்ளை ஒவ்வொரு நாளும் சந்திக்கும் கிருமிகளுக்கு முன் இது மிகச் சிறியது. தட்டம்மை-ரூபெல்லா இரண்டாவது டோஸும், டிபிடி (தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி மூன்றுக்கும் சேர்த்து), போலியோ பூஸ்டர்களும் பதினாறு மாதத்துக்கு மேல். அதற்கும் இன்னும் இரண்டே மாதம்தான். முதல் டோஸோடு நின்றுவிடாதீர்கள். அந்தத் தேதியை நர்ஸிடம் அட்டையிலேயே எழுதி வாங்குங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு அன்றோ மறுநாளோ லேசாகக் காய்ச்சல் வரலாம். தட்டம்மை ஊசிக்கு மட்டும் ஒரு வாரம், பத்து நாள் கழித்துக் காய்ச்சலும் சில தடிப்பும் வருவதுண்டு. அது நோய் இல்லை, மற்றவர்களுக்குப் பரவாது, இரண்டு மூன்று நாளில் அடங்கும். இதை அத்தையிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் பத்தாம் நாள் தடிப்பைப் பார்த்து அவர் மனம் உடைந்துவிடும். காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் கொடுக்கலாம், வராமலே முன்கூட்டிக் கொடுக்க வேண்டாம். அளவு எடையைப் பொறுத்தது, நர்ஸிடம் எழுதி வாங்குங்கள். ஒன்றில் கவனம்: சொட்டு மருந்துப் புட்டியில் இருப்பது சிரப்பைவிடப் பல மடங்கு கெட்டி. சிரப்புக்குச் சொன்ன அளவைச் சொட்டு மருந்தில் ஊற்றிவிடாதீர்கள். ஊசி போட்ட இடத்தில் எண்ணெய், மஞ்சள், சூட்டு ஒத்தடம் எதுவும் வேண்டாம். பிள்ளை துவண்டாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, வலிப்பு வந்தாலோ காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள்.

நர்ஸ் திட்டினால், "ஆமாம்மா, விட்டுட்டேன், இப்போ வந்துட்டேன்" என்று மட்டும் சொல்லுங்கள். அவர் நூறு வீடு ஏறி இறங்குபவர். தவறிய பிள்ளை திரும்பி வந்தால் உள்ளுக்குள் அவருக்குத்தான் அதிக மகிழ்ச்சி.

முடிந்தால் அத்தையையும் கூட அழைத்துப் போங்கள். புட்டியில் எழுதிய நேரத்தை அவரும் பார்க்கட்டும், கேள்வி இருந்தால் அவரே கேட்கட்டும். குத்தும்போது பாப்பா உங்கள் மடியில் இருக்கட்டும், பால் கொடுத்துக்கொண்டே இருந்தால் வலி குறைவாகத் தெரியும். அழுது முடித்ததும் அந்த அரை மணி நேரம் அத்தை கையில் கொடுங்கள்.